காவிரி டெல்டா குட்டையில் சிங்காரா: நாற்றங்கால் முதல் அடுப்படி வரை

டெல்டாவில் சிங்காரா, அதாவது ஆங்கிலத்தில் வாட்டர் செஸ்ட்நட் எனப்படும் நீர்க்காய், போட நினைப்பவர் குட்டையை அளப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: சித்திரை வெயிலிலும் வற்றாத ஒரு சின்னத் தொட்டி கைவசம் இருக்கிறதா? மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. அந்த ஏழரை மாதத்துக்குள் பயிர் முழுவதும் அடங்கிவிடும். சிக்கல் அணை மூடிய பிறகு வரும் நான்கரை மாதத்தில் இருக்கிறது. சிங்காரா விதை ஒரு தடவை காய்ந்துவிட்டால் பிறகு முளைக்காது. விதைநெல் மாதிரி மூட்டை கட்டிப் பரண்மேல் போட முடியாது. அறுவடையிலிருந்து தண்ணீருக்குள்ளேயே கிடந்து, மாசியில் முளைத்து, வைகாசிக்குள் கொடியாகியிருக்க வேண்டும். பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் பழகிய முறையை அப்படியே இங்கே கொண்டுவருபவர்கள் தடுமாறும் இடம் இந்தக் கோடைதான். அதனால் நாற்றங்காலைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

அளவுகள் எல்லாம் 5 சென்ட் குட்டைக்கு, அதாவது ஏறக்குறைய 200 சதுர மீட்டருக்கு. முதல் வருடத்துக்கு அது போதும். ஒரு மா (33 சென்ட்) போடுபவர்கள் இதை ஆறரையால் பெருக்கிக்கொள்ளலாம்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்

வாட்டர் செஸ்ட்நட் என்று தேடினால் இரண்டு வேறு செடிகள் வரும். ஒன்று, வட இந்தியச் சந்தைகளில் பச்சையாகவும் சிவப்பாகவும் குவித்து விற்கும், இரண்டு கொம்பு வைத்த காய். தாவரவியலில் டிராபா. இலைக்கொத்து தண்ணீர்மேல் மிதக்கும், தண்டு சேற்றில் வேர் பிடித்திருக்கும், காய் இலைக்கு அடியில் தண்ணீருக்குள் தொங்கும். இதுதான் சிங்காரா. இன்னொன்று, சீன உணவகங்களில் டப்பாவிலிருந்து வட்டவட்டமாக நறுக்கிப் போடும் மொறுமொறு கிழங்கு. அது கோரைக் குடும்பத்துச் செடி. வயலில் ஆழமில்லாத தண்ணீர் கட்டி, சேற்றுக்குள் விளைந்த கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். இரண்டுக்கும் பெயர் தவிர வேறு உறவு கிடையாது. ஆன்லைனில் விதை வாங்கும்போது படத்தைப் பாருங்கள்: கொம்பு இருந்தால் சிங்காரா, வெங்காயம் போல் உருண்டையாக இருந்தால் சீனக் கிழங்கு. கீழே உள்ளதெல்லாம் சிங்காராவுக்கு மட்டும்.

ரகம் என்று பார்த்தால் சீக்கிரம் காய்ப்பவை, தாமதமாகக் காய்ப்பவை என்று இரண்டு கூட்டம். லால் சிக்னி குல்ரி, லால் கத்துவா போன்றவை நட்ட 120 முதல் 135 நாளில் முதல் பறிப்புக்கு வரும். கரியா ஹரீரா போன்றவைக்கு 150 முதல் 165 நாள் ஆகும். டெல்டாவுக்கு முதல் கூட்டத்தையே எடுங்கள். தாமத ரகம் நட்டால் முதல் காய் வரும்போது கார்த்திகை மழை குட்டையை நிரப்பியிருக்கும். மேட்டூரும் அந்த வருடம் தாமதமாகத் திறந்திருந்தால் கடைசிப் பறிப்புக்குத் தண்ணீரே இருக்காது. 2019-ல் அணை திறந்தது ஆகஸ்ட் 13-ல். 2024-லும் ஜூலைக் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொம்பில்லாத சிங்காரா ரகமும் உண்டு, அது கிடைத்தால் விடாதீர்கள். பறிக்கும் கைக்கும், குட்டைக்குள் இறங்கும் காலுக்கும் நல்லது.

குட்டையைத் தேர்ந்தெடுப்பது

நின்ற தண்ணீர் வேண்டும். வாய்க்காலோ வடிகாலோ ஊடாக ஓடும் இடம் ஆகாது. இழுப்பு இருந்தால் கொடி சேற்றை விட்டுக் கிளம்பிவிடும். பண்ணைக்குட்டை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், வயலோரத் தாழ்வான மூலை எல்லாம் சரிவரும். ஆழம் இரண்டிலிருந்து நான்கு அடி. இதைவிட ஆழத்திலும் செடி வளரும், ஆனால் இறங்கிப் பறிக்க முடியாது. அடியில் அரையடியாவது மெத்தென்ற வண்டல் சேறு வேண்டும். புதிதாக வெட்டிய குட்டையில் வெறும் களியோ மணலோதான் இருக்கும். அதில் முதல் வருடம் செடி பசியோடுதான் நிற்கும்.

வெயில் முக்கியம். கரையில் தென்னையும் மூங்கிலும் நெருங்கி நின்று பாதிக் குட்டையை மறைத்தால் அந்தப் பாதியில் இலை மட்டும்தான் வரும், காய் வராது.

தண்ணீரின் கார அமிலத் தன்மை (pH) 6-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்கட்டும். அதைவிட முக்கியமானது உப்பு. சிங்காரா உப்பைத் தாங்காத பயிர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்தில் இது பெரிய கேள்வியாக வராது. கடைமடையில், வேதாரண்யம், தலைஞாயிறு, தரங்கம்பாடிப் பக்கத்தில் ஆற்றுத்தண்ணீர் நன்றாக இருந்தாலும் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும். கோடையில் நாற்றங்காலுக்கு ஊற்றப்போவது அந்த ஆழ்குழாய்த் தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கைக்கடக்கமான டி.டி.எஸ். மீட்டரில் 1000-ஐத் தொட்டால் அந்தத் தண்ணீரை நம்பி இறங்க வேண்டாம். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகி மண்ணையும் நீரையும் பரிசோதிப்பது பற்றிக் கேளுங்கள்.

அடுத்தது, டெல்டாவுக்கே உரிய ஆபத்து: நெல் வயல் வடிநீர். குறுவை வயலிலிருந்து களைக்கொல்லி கலந்த தண்ணீர் வடிந்து குட்டைக்குள் வந்தால் இரண்டு மூன்று நாளில் இலைக்காம்பு முறுக்கிக்கொண்டு கருகும். 2,4-டி என்ற களைக்கொல்லியை அமெரிக்காவில் இதே செடியை ஒழிப்பதற்கென்றே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே வயல் வடிகால் குட்டையில் விழாதபடி வரப்பைக் கட்டி, தண்ணீர் எடுக்கும் வழியை வாய்க்காலிலிருந்து தனியாக வையுங்கள். சாக்கடை கலக்கும் குட்டை வேண்டவே வேண்டாம். அங்கே செடி செழிப்பாகத்தான் வளரும், ஆனால் காய் சாப்பிடத் தக்கதல்ல.

கோயில் குளம், ஊர்க் குளம், ஏரி ஆகியவற்றில் இதைப் போடக் கூடாது. உரிமையும் மீன் குத்தகையும் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு காரணமும் உண்டு. 1870-களில் அமெரிக்காவுக்கு அழகுக்காகக் கொண்டுபோன இதே இனம் அங்கே ஆறுகளிலும் ஏரிகளிலும் பரவி, இன்றுவரை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருக்கிறார்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நம் வாய்க்கால்களை அடைத்திருப்பது போதும். நான்கு பக்கமும் கரை உள்ள சொந்தக் குட்டையில் போடுங்கள். வெளியேறும் குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

படி 1: விதைக்காய் (மார்கழி, தை)

வட மாநிலங்களில் பறிப்பு முடியும் டிசம்பர், ஜனவரியில் விதைக்காய் கேட்டு வாங்க வேண்டும். தர்பங்காவில் உள்ள தேசிய மக்கானா ஆராய்ச்சி மையம் இந்தப் பயிரிலும் வேலை செய்கிறது. எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். 5 சென்டுக்கு 2 முதல் 3 கிலோ முற்றிய காய் போதும்.

நனைந்த கோணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வர வேண்டும் என்று அனுப்புபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையலுக்கு விற்கும் காயை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி முளைக்கப் போடுவது வீண். அது பறித்து எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ தெரியாது, அவித்ததாகக்கூட இருக்கலாம்.

வந்ததும் ஒரு டிரம் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பது முற்றாதது அல்லது உள்ளே அழுகியது, அள்ளி எறியுங்கள். மூழ்கியதை நிழலில், மண்பானையிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ முழுக்கத் தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நாற்றம் எடுத்து நல்ல காயும் சேர்ந்து கெடும். அமுக்கினால் நசுங்கும் காயை அப்போதைக்கப்போதே எடுத்துவிடுங்கள். தை முடிவில் காயின் உச்சியிலிருந்து வெள்ளை முளை எட்டிப்பார்க்கும்.

படி 2: நாற்றங்கால் (மாசி முதல் வைகாசி வரை)

நடவுக் குட்டையின் பரப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு நாற்றங்காலுக்குப் போதும். 200 சதுர மீட்டருக்கு 6 முதல் 10 சதுர மீட்டர். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, கல்லும் வேரும் குத்தாமல் அடியில் மணலோ பழைய சாக்கோ பரப்பி, கெட்டியான தார்ப்பாய் விரியுங்கள். சிமென்ட் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் புதுத் தொட்டியைப் பத்து நாளாவது தண்ணீர் நிரப்பி வடித்து, நிரப்பி வடித்துச் சுண்ணாம்புக் காரத்தை இறக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குட்டை வண்டலைப் போடுங்கள். அதில் நன்றாக மக்கிய தொழுஉரம் 10 முதல் 15 கிலோ கலக்கலாம். பச்சைச் சாணம் கூடாது. தண்ணீருக்குள் அது புளித்து வாயு கிளப்பும், இளம் வேர் கருகும். ஒன்றரை அடித் தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, முளை விட்ட காயை ஒரு சாண் இடைவெளியில் சேற்றின்மேல் வையுங்கள். முளை மேல்நோக்கி இருக்கட்டும். ஆழமாகப் புதைக்க வேண்டாம். காய் பாதி தெரிந்தால் சரி. தண்டு நீண்டு, மேலே வந்து, சின்னச் சின்ன இலைக்கொத்து விரியும்.

இனி பங்குனி, சித்திரை. வெயில் உச்சத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்து குறையும். வாரத்தில் இரண்டு தடவை நிரப்புங்கள். ஒரேயடியாக வற்றவிட்டு ஒரேயடியாக நிரப்பினால் இலைக்கொத்து தண்ணீருக்குள் மூழ்கி அழுகும். ஆழ்குழாய்த் தண்ணீர் குழாயிலிருந்து சூடாக வந்தால் முதலில் வேறு தொட்டியில் ஆறவிட்டு ஊற்றுங்கள். மேற்குப் பக்கம் மட்டும் தென்னங்கீற்றுப் படல் ஒன்றைச் சாய்த்து வைத்தால் பிற்பகல் வெயிலின் கடுமை தணியும். முழுக்கக் கூரை போட்டால் கொடி வெளிறி நீளும். அது நடவுக்கு உதவாது.

பச்சைப் பாசி நூல் நூலாகப் படர்ந்தால் ஒரு குச்சியில் சுற்றி எடுத்துவிடுங்கள். மருந்து வேண்டாம். கொசுப்புழுவுக்குக் கப்பி மீன் பத்துப் பன்னிரண்டு விட்டால் போதும். நத்தை முட்டை, அதாவது தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் கொத்து, தெரிந்தால் சுரண்டி எடுங்கள். இலை வெளிறினால் 8 சதுர மீட்டர் தொட்டிக்கு ஒரு பிடி யூரியாவை, சுமார் 30 கிராம், சேற்றில் பிசைந்து உருண்டையாக அடியில் போடுங்கள். வைகாசி நடுவில் கொடி ஒரு மீட்டரைத் தொட்டுப் பக்கக் கிளை விட்டிருக்கும். கிளை ஒவ்வொன்றும் ஒரு நாற்று.

படி 3: குட்டையைத் தயார் செய்வது

குட்டை காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியிலேயே ஆகாயத்தாமரை, வேலம்பாசி, கோரை ஆகியவற்றை வேரோடு எடுங்கள். விதைக் களை கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. ஆகாயத்தாமரை ஒரு செடி மிஞ்சினாலும் ஆவணிக்குள் சிங்காராவுக்கு இடம் இருக்காது.

5 சென்டுக்கு மக்கிய தொழுஉரம் 160 முதல் 200 கிலோ இறைத்து, சூப்பர் பாஸ்பேட் ஏழரை கிலோ, மூரியேட் ஆஃப் பொட்டாஷ் 1.3 கிலோ இரண்டையும் தூவி, அரையடித் தண்ணீர் விட்டு நெல்லுக்கு ஓட்டுவது போலவே சேடை ஓட்டுங்கள் அல்லது காலால் மிதித்துக் கலக்குங்கள். தழைச்சத்தை இப்போது போட வேண்டாம். சேடை படிய ஒரு வாரம் விட்டு, தண்ணீரை ஒன்று முதல் ஒன்றரை அடிக்கு ஏற்றுங்கள்.

புல்கெண்டை மீன் குட்டையில் இருந்தால் முதலில் பிடித்துவிடுங்கள். இளங்கொடியை ஒரு வாரத்தில் மேய்ந்துவிடும்.

படி 4: நடவு

சொந்த ஆழ்குழாய் இருப்பவர்கள் மேட்டூரைக் காத்திருக்க வேண்டாம். வைகாசிக் கடைசியில், ஜூன் முதல் வாரத்தில் நட்டால் அக்டோபர் முதல் பாதியில் பறிப்பு தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் இரண்டு பறிப்பு கையில் இருக்கும். ஆற்றுத்தண்ணீரை மட்டும் நம்புபவர்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் சேடை ஓட்டி, அது படிந்த கையோடு நட வேண்டும். ஆடி கடந்தால் அந்த வருடம் பெரிய குட்டையை விட்டுவிட்டு, நாற்றங்காலில் மட்டும் செடியைக் காப்பாற்றி அடுத்த வருடத்துக்கு வைப்பது நல்லது.

மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்குங்கள், அல்லது மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். நாற்றங்காலிலிருந்து கொடியை இழுக்காமல், அடியில் கைவிட்டுச் சேற்றோடு கிளப்பி, தண்ணீர் உள்ள தொட்டியில் போட்டுக் கொண்டுபோங்கள். கரையில் குவித்து வைத்தால் அரை மணியில் இலை சுருளும்.

இரண்டு அல்லது மூன்று கொடியைச் சேர்த்து, அடிப்பக்கத்தைத் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, கால் கட்டைவிரலால் சேற்றுக்குள் அழுத்துங்கள். நட்ட பிறகு இலைக்கொத்து தண்ணீர்மேல் தட்டையாக மிதக்க வேண்டும். மிதக்கவில்லை என்றால் தண்ணீர் அதிகம், கொஞ்சம் வடித்துவிடுங்கள். குத்துக்குக் குத்து ஒன்றரை மீட்டர் இடைவெளி. 200 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 குத்து, 180 முதல் 270 கொடி. நாற்று அதிகமாக இருக்கிறதே என்று நெருக்கி நடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஒன்றரை மாதத்தில் இலைக்கொத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இலை நட்டுக்குத்தலாக நிமிரும். அப்படி நிமிர்ந்த கொத்தில் காய் குறைவு.

பத்து நாள் கழித்துப் பார்த்து, மிதந்து போன இடத்தில் திரும்ப நடுங்கள். அதன்பின் தண்ணீரை வாரம் ஓர் அரைச்சாண் வீதம் ஏற்றி இரண்டரை, மூன்று அடியில் நிறுத்துங்கள். தண்ணீர் மெதுவாக ஏறினால் தண்டும் கூடவே நீளும்.

படி 5: உரமும் கண்காணிப்பும்

யூரியா மொத்தம் ஒன்றேமுக்கால் கிலோ. பாதியை நட்ட ஒரு மாதத்தில், மீதியை அதிலிருந்து 20 நாளில். இறைக்கக் கூடாது. ஈர இலையில் குருணை ஒட்டிய இடம் எல்லாம் கருகும். தண்ணீரில் கரைந்தது பாசிக்குத்தான் போகும். ஒரு பங்கு யூரியாவுக்குப் பத்துப் பங்கு களிச்சேறு சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, குத்துக்குப் பக்கத்தில் அமுக்கிவிடுங்கள். இலை கரும்பச்சையாகப் பெருத்துப் பூவே காணவில்லை என்றால் இரண்டாம் தவணையை நிறுத்திவிடுங்கள்.

பூச்சி என்றால் முதலில் சிங்காரா வண்டு. மஞ்சள் பழுப்பு நிறத்தில் சிறியது. இலையின் மேல்புறத்தில் கொத்துக் கொத்தாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுவும் வண்டும் இரண்டுமே பச்சையத்தைச் சுரண்டி இலையைச் சல்லடையாக்கும். அது மிதக்கும் இலையைத்தான் தின்கிறது. இலை போனால் கொத்துக்கு மிதப்பும் போய், காயோடு அமிழும். ஆவணியிலிருந்து வாரம் ஒரு முறை குட்டையைச் சுற்றி வாருங்கள். முட்டைக் கொத்துள்ள இலையைக் கிள்ளி வாளியில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் மூழ்கடியுங்கள். 5 சென்டில் இது அரை மணி வேலை. இரண்டு வாரம் தவறவிட்டால் அப்புறம் கையால் முடியாது. மீன் இல்லாத குட்டையானால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை (5 கிலோ பருப்பு, 100 லிட்டர் தண்ணீர்) மாலையில் இலைமேல் புகைபோல் அடிக்கலாம். ரசாயனப் பூச்சிக்கொல்லியைத் தொட வேண்டாம். இங்கே மருந்து விழும் தண்ணீருக்குள்தான் காய் ஊறிக்கொண்டிருக்கிறது.

அசுவினி வந்தால் கைப்பம்பில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் விழுந்துவிடும். இலையை இரண்டு துண்டாக ஒட்டிக் கூடு கட்டும் புழுவைக் கூட்டோடு பொறுக்க வேண்டும். வாத்து, பக்கத்து வீட்டு வாத்து உட்பட, இளம் குருத்தைத் தின்னும். கரையைச் சுற்றி இரண்டடி வலை போதும்.

இலைக்கொத்துகள் மூடிய பிறகு தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறையும். அதனால் கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் திணறும். மீனும் வேண்டும் என்பவர்கள் விரால், தேளி போல் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீனை விடலாம். வட இந்தியாவிலும் சிங்காராவோடு இப்படிப்பட்ட மீன்களைத்தான் சேர்த்து வளர்க்கிறார்கள்.

ஆவணி, புரட்டாசியில் நான்கு இதழ் வெள்ளைப் பூ தண்ணீருக்கு மேலே மலரும். கருப்பிடித்ததும் காம்பு வளைந்து கீழே இறங்கிவிடும். அதனால் பூவைக் காணவில்லை என்று கலங்க வேண்டாம். ஒரு கொத்தைத் தூக்கிப் பாருங்கள், அடியில் பச்சை மொட்டாகக் காய் இருக்கும்.

மழைக்காலம்

டெல்டாவில் சிங்காராவைக் கெடுப்பது பூச்சியைவிட ஐப்பசி, கார்த்திகையின் ஒரே இரவு மழைதான். ஓர் இரவில் இரண்டடி ஏறினால் தண்டு நீள நேரம் கிடையாது. கொத்து மூழ்கும் அல்லது அடியோடு பிடுங்கிக்கொள்ளும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் குட்டையின் ஒரு மூலையில், வழக்கமான நீர்மட்டத்துக்கு அரையடி மேலே, ஆறு அங்குலக் குழாய் ஒன்றை வடிகாலுக்குப் பதித்துவிடுங்கள். வாயில் வலை. மழை அறிவிப்பு வந்த நாளில் மட்டத்தை அரையடி இறக்கி வைத்தால் வரும் தண்ணீருக்கு இடம் இருக்கும். காற்றுக்கு, குட்டைக்குக் குறுக்கே மூன்று நான்கு இடத்தில் மூங்கில் கழியை மிதக்கவிட்டுக் கரையில் கட்டுங்கள். கொத்துகள் ஒரே மூலையில் ஒதுங்காமல் அது தடுக்கும். 2018 நவம்பரில் கஜா கரையேறியது போன்ற புயலுக்கு எதுவும் நிற்காது. அப்படி எச்சரிக்கை வந்தால் முற்றியதை எல்லாம் முந்தின நாளே பறித்துவிடுங்கள்.

படி 6: பறிப்பு

கொத்தைத் தூக்கி, காயை லேசாகத் திருகினால் காம்பிலிருந்து கழன்று வர வேண்டும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். ரொம்ப முற்றவிட்டால் தானே உதிர்ந்து அடியில் போய்விடும். 10 முதல் 12 நாளுக்கு ஒரு பறிப்பு, மொத்தம் நான்கு. பறித்த கொத்தைத் தலைகீழாகப் போடாமல் இலை மேலே இருக்கும்படி மெதுவாக விடுங்கள். அது திரும்பக் காய்க்கும்.

ஆழமான இடத்துக்கு லாரி டியூபும் அதன்மேல் ஒரு பலகையும் வசதி. தனியாக இறங்க வேண்டாம். அடியில் பழைய காய்க் கொம்பு குத்தும் என்பதால் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. மழைக்காலக் குட்டையில் எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. காலில் புண் இருப்பவர்கள் கரையில் நின்று தரம் பிரிக்கும் வேலையைப் பார்க்கட்டும்.

தேர்ந்த விவசாயிகள் ஹெக்டேருக்கு 8 முதல் 10 டன் பச்சைக்காய் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் 5 சென்டுக்கு 160 முதல் 200 கிலோ. முதல் வருடம் அதில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல். விற்பனையை நடவுக்கு முன்பே யோசியுங்கள். நம் காய்கறிக் கடைகளில் இதற்குப் பழக்கம் இல்லை. ஆனால் தஞ்சாவூர், திருச்சியில் உள்ள வட இந்தியக் குடும்பங்களும் இனிப்புக் கடைகளும் நவராத்திரி விரதத்துக்கு இதன் மாவைத் தேடுகிறார்கள்.

இரண்டாம் பறிப்பில் பெரிதாக, நோயில்லாமல் வந்த காயில் 3 கிலோவை எடுத்து அன்றே தண்ணீரில் போடுங்கள். அது அடுத்த வருட விதை. பறிப்பு முடிந்ததும் மிச்சக் கொடியை முழுக்க இழுத்து எருக்குழியில் போட வேண்டும். விட்டுவைத்தால் வண்டு அதில் தங்கிக்கொள்ளும்.

என்ன சத்து, எதற்கு நல்லது

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைப் பருப்பில் தண்ணீர் 70 கிராம், மாவுச்சத்து 23.3 கிராம், புரதம் 4.7 கிராம், கொழுப்பு 0.3 கிராம், பாஸ்பரஸ் 150 மில்லிகிராம், கால்சியம் 20 மில்லிகிராம். சக்தி 115 கலோரி. உலர்ந்த பருப்பில் புரதம் 13.4 கிராம், மாவுச்சத்து 68.9 கிராம், சக்தி 330 கலோரி. கிழங்கு வகைகளோடு வைத்துப் பார்த்தால் புரதம் அதிகம், கொழுப்பு மிகக் குறைவு. குளூட்டன் இல்லாததால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நல்ல மாவு.

இதற்குமேல் சொல்லப்படுவதில் கவனம் தேவை. தைராய்டைச் சரிசெய்யும், சர்க்கரையை இறக்கும் என்ற பேச்சை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. உலர்ந்த மாவின் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் இதைச் சோற்றுக்குப் பதிலாகக் கணக்கில் வைக்க வேண்டும், சோற்றோடு சேர்த்து அல்ல. பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

குட்டையிலிருந்து எடுத்த காயைப் பல்லால் கடித்து உரிக்கக் கூடாது. குடல் தட்டைப்புழு ஒன்றின் நுண்ணிய கூடு இப்படிப்பட்ட நீர்க்காய்களின் தோலில் ஒட்டிக்கொண்டு உடலுக்குள் போவது ஆசிய நாடுகள் பலவற்றில் தெரிந்த விஷயம். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இந்த நோய் உண்டு. வேகவைத்தால் அந்தப் பயம் இல்லை. குழந்தைகளுக்கு வேகவைத்ததை மட்டும், சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள்.

அடுப்படியில்

சேறு போக மூன்று தண்ணீரில் கழுவி, காய் மூழ்கத் தண்ணீரும் கல்லுப்பும் போட்டு 20 நிமிடம் வேகவிடுங்கள். கொம்பை வெட்டிவிட்டு நடுவில் கீறினால் தோல் கழன்றுவிடும். உரித்ததைக் கடுகு, வரமிளகாய், தேங்காய்த்துருவல் போட்டுத் தாளித்தால் சுண்டல். கிழங்கு போடும் புளிக்குழம்பு எதிலும் இதைச் சேர்க்கலாம். கடைசி ஐந்து நிமிடம் போதும். பச்சைக்காயைத் தினம் தண்ணீர் மாற்றிப் பானையில் ஒரு வாரம்வரை வைக்கலாம்.

மாவுக்கு, வேகவைத்து உரித்த பருப்பை மெல்லிய வில்லையாக நறுக்கி வெயிலில் உலர்த்த வேண்டும். கார்த்திகை மழையில் இதை முயன்றால் இரண்டாம் நாளே பிசுபிசுத்துப் புளிக்கும், பூஞ்சை வரும். முதல் பறிப்புகளைப் பச்சையாக விற்றுவிட்டு, கடைசிப் பறிப்பை மழை விட்டு வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து உலர்த்துங்கள். ஐந்தாறு நாளில் வில்லை பட்டென்று ஒடியும் பதம் வரும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அரைத்து, சலித்து, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள்.

இந்த மாவில் இழுவை இல்லாததால் பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் ரொட்டி விளிம்பெல்லாம் வெடிக்கும். ஒரு கப் மாவுக்கு வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்று, உப்பு, கொதிக்கும் தண்ணீர் கால் கப் சேர்த்துக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். வாழையிலையில் எண்ணெய் தடவி அடை மாதிரி தட்டி, நடுத்தரத் தீயில் இரண்டு பக்கமும் வேகவிட்டால் உடையாமல் எடுக்க வரும்.